ஒற்றைத் திரை – 14: சாவி வராத காலைக் காட்சி

படம் வந்துவிட்டது. சாவிதான் வரவில்லை.

தன் தியேட்டர் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்த, அக்கா தங்கை இருவரில் மூத்தவளுக்குக் கிடைத்த முதல் செய்தி அது. சொன்னவர் ஆபரேட்டர். மாடிப்படியில் பாதி இறங்கி, கைப்பிடியைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"படம் மெஷினுக்குள்ள பத்திரமா இருக்கு முதலாளியம்மா. ஆனா பூட்டியிருக்கு. கம்பெனிலேருந்து சாவி அனுப்பினாத்தான் திறக்கும்."

"இரும்புச் சாவியா இருந்தா நானே போய் வாங்கிட்டு வந்துடுவேன். இது கம்ப்யூட்டருக்கு வர்ற சாவி. எப்ப அனுப்புறாங்களாம்?"

"காலைக் காட்சிக்கு முன்னாடி வந்தாகணும். வந்துடும்."

ஆபரேட்டர் இன்று எதற்கும் கவலைப்படுகிற நிலையில் இல்லை. இத்தனை வருடமாகப் படப்பெட்டிகளை அந்த மாடிப்படியில் தூக்கித் தூக்கி அவருடைய முதுகு வில்லாக வளைந்திருந்தது. நேற்று வந்த படமோ ஒரு சோப்பு டப்பா அளவுக்குத்தான் இருந்தது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மாடி ஏறியவர், "என் முதுகுக்கு இன்னைக்குத்தான் முதல் லீவு" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

போன வாரம் விசாரணைக் கூட்டத்தில் நடந்ததைத் தொடர்ந்து படிப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இந்த வாரம்தான் வந்து சேருகிறவர்களுக்காக நாலு வார்த்தை.

இனிமேல் ஃபிலிம் சுருளில் பிரின்ட் போடுவதில்லை என்று படம் எடுப்பவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். எல்லாம் டிஜிட்டல். அதற்கான மெஷினை வாங்குவதென்றால் சின்ன தியேட்டர்காரருக்கு வீட்டையே விற்கிற மாதிரி. பாதி விலையை அரசாங்கம் தருகிறேன் என்றது. ஆனால் வரைவு விதியில் ஒரு வரி: மூன்று திரைக்குக் குறையாத தியேட்டர்களுக்கு மட்டும்.

மற்றவர்களுக்குக் கம்பெனி இருந்தது. படங்களை டிஜிட்டலாக எல்லா ஊருக்கும் அனுப்பும் அந்தக் கம்பெனி, மெஷினை இலவசமாகவே வைக்கத் தயார். பதிலுக்குப் பத்து வருட ஒப்பந்தம். எந்தப் படம், எத்தனை நாள், எத்தனை காட்சி, எல்லாவற்றையும் கம்பெனி சொல்லும். வாசலில் தொங்கும் பெயர்ப் பலகை மட்டும் உங்களுடையது.

மூத்தவளின் தியேட்டருக்கு ஒரே திரை. கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றார் கணவர். அவள் மறுத்தாள். மறுத்த கையோடு பத்திரிகையைப் பிரித்தவளுக்கு இன்னொரு அடி. மூன்று திரை என்ற அந்த வரியை எழுதிய அதிகாரி, கூடப் பிறந்த தங்கை. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

அந்த விதியைப் பற்றி அரசுக் குழு நடத்திய விசாரணைக் கூட்டத்தில் எல்லோரும் அவள் பழைய ஃபிலிம் சுருளுக்காகக் கண்ணீர் விடுவாள் என்று எதிர்பார்த்தார்கள். அவள் எழுந்து, "எனக்குச் சுருள் வேண்டாம். டிஜிட்டல்தான் வேணும்" என்றாள்.

"பிரின்ட் போடச் செலவு அதிகம்னு சொல்லி நாலு பிரின்ட் போடுவாங்க. நகரத்துல ஓடித் தேய்ஞ்ச அப்புறம் மூணு வாரம் கழிச்சு எங்களுக்கு வரும். அதுக்குள்ள படம் பார்க்கணும்னு நினைச்சவன் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துட்டு வந்துடுவான். அப்புறம் எங்க தியேட்டருக்கு ஆள் வரலைன்னு நீங்க எழுதுறீங்க. டிஜிட்டல்ல எல்லாருக்கும் ஒரே நாள்ல படம் குடுக்கலாமே. குடுத்துட்டு அப்புறம் எழுதுங்க."

அவள் உட்கார்ந்ததும் மேடையிலிருந்து தங்கை எழுந்தாள். "இப்போது பேசியவர் என் அக்கா. இந்த ஃபைலில் இனி நான் இருப்பது முறையாகாது" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். வரவிருந்த பதவி உயர்வும் அவளோடு வெளியே போனது.

குழுவின் தலைவர் யோசித்தார். "கேட்டாச்சு. இனி கண்ணால பார்க்கணும்" என்றார். ஒரு வாரச் சோதனைக்கு உத்தரவு போட்டார். வாடகை மெஷின். நகரத்தில் வெளியாகும் அதே நாளில் புதுப்படம். இலாகாவிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்து உட்கார்ந்து பார்த்து அறிக்கை தர வேண்டும்.

அந்த வாரத்தின் முதல் நாள்தான் இன்று.

டிக்கெட் கவுன்டரில் மூத்தவளின் கணவர் வியர்த்துக்கொண்டிருந்தார். வரிசை கேட்டைத் தாண்டி, டயர் கடையைத் தாண்டி, எதிரே பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்துவிட்டது. தையல் கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டே வந்திருந்தார். கணவருக்குச் சந்தோஷத்தில் கை ஓடவில்லை. சில்லறையை மாற்றி மாற்றிக் கொடுத்தார்.

கடைசி டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நிமிராமலே, "முடிஞ்சுதுங்க. அடுத்த காட்சிக்கு வாங்க" என்றார்.

"எனக்கு ஒண்ணு குடுங்க அத்தான்."

குரலைக் கேட்டதும் தலை தானாக நிமிர்ந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம், தோளில் கைப்பையோடு இளையவள்.

"ஆபீஸரா? வரிசையிலயா நின்னே?"

"லீவு போட்டுட்டு வந்தேன். எல்லாரும் நிக்கிறாங்க, நானும் நின்னேன்."

"உங்க அக்காவைப் பார்க்கவா?"

"படம் பார்க்க."

"நம்பிட்டேன்" என்றார் அவர். ஒரு மாதமாக இரண்டு வீட்டுக்கும் நடுவில் நடையாய் நடந்து தேய்ந்தவர் அவர்தான். 'அவ சாப்பிடறாளான்னு பாருங்க, நான் கேட்டேன்னு சொல்லாதீங்க' என்று இரண்டு பேருமே அவரிடம் சொல்லியனுப்பியிருந்தார்கள். இருவரிடமும் சொல்லாமல் காப்பாற்றியும் இருந்தார். "ஆனா டிக்கெட் கிடையாது. ஹவுஸ் ஃபுல்."

அந்த வார்த்தையைச் சொல்லி எத்தனை காலம் ஆயிற்றோ. சொன்ன சுகத்துக்காக இன்னொரு தடவையும் சொன்னார். பிறகு முகம் வாட, ஜன்னலோரம் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"உள்ள நிலைமை சரியில்ல. சாவி வரலை. சாயங்காலத்துக்குத்தான் போட்டிருக்குங்கறான் கம்பெனிக்காரன்."

இளையவளின் கை கைப்பைக்குள் போனது. போனை எடுத்தபோதே அவள் அலுவலக அறையை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தாள்.

அலுவலக அறையில் மூன்று பேர். மூத்தவள் மேஜைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். இன்ஜினியர் ஜன்னலோரம் கைகட்டி உட்கார்ந்திருந்தார். கம்பெனிக்காரர் கதவருகே, மடிப்புக் கலையாத சட்டையில், குரலை உயர்த்தாமல் பேசிக்கொண்டிருந்தார்.

"தப்பு நடந்திருக்கு மேடம். சாவி அனுப்புற நேரத்தை மாத்திப் போட்டுட்டாங்க. ஹெட் ஆபீஸுக்குச் சொல்லியிருக்கேன்."

"நகரத்துல எல்லா மால்லயும் நேரம் சரியா இருக்கு. இங்க மட்டும் தப்பா?"

அவர் தரையைப் பார்த்தார். அவருக்கும் அது தெரிந்தே இருந்தது.

இன்ஜினியர் தொண்டையைச் செருமினார். "நான் பார்க்க வந்தவன் மட்டும்தாங்க. காலைக் காட்சி நடக்கலைன்னா, நடக்கலைன்னுதான் எழுத முடியும்."

இளையவள் உள்ளே வந்தாள். அக்கா தங்கையைப் பார்த்தாள். ஒரு மாதத்துக்கான பேச்சு அந்தப் பார்வையில் வந்து முட்டி நின்றது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"கையில என்ன போன்? யாருக்குப் பண்ணப்போறே?"

"எங்க இலாகா இயக்குநருக்கு. ஒரு வார்த்தை சொன்னா போதும். கால் மணி நேரத்துல சாவி வந்து விழும்."

"வேண்டாம்."

"அக்கா, வெளியில எவ்வளவு பேர் நிக்கிறாங்கன்னு பார்த்தியா?"

"பார்த்தேன். நீ போன் பண்ணி வந்த சாவியில படம் ஓடினா, நாளைக்கு என்ன சொல்லுவாங்க? தங்கச்சி ஆபீஸர், அதனால ஓடுச்சும்பாங்க. மத்த ஊர் ஒத்தைத் திரைக்காரனுக்கு யார் தங்கச்சி இருக்கா?" மேஜையைச் சுற்றிக்கொண்டு தங்கையின் எதிரே வந்தாள். "அதோட, அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி நீ எழுந்து போனியே. அதை நான் வீணாக்க மாட்டேன். போனை உள்ள வை."

இளையவள் போனைப் பைக்குள் வைத்தாள். வைத்துவிட்டு, "அப்போ என்ன பண்ணப்போறே?" என்று கேட்டாள். அதிகாரியாகக் கேட்கவில்லை. சின்ன வயதில் மழை நாளில் பள்ளிக்கூட வாசலில் நின்று கேட்பாளே, அப்படிக் கேட்டாள்.

மூத்தவள் நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்தாள். படம் ஓடாவிட்டால் யாருக்கு நஷ்டம்? தனக்கு. வந்து நிற்கும் ஜனங்களுக்கு. கம்பெனிக்கு ஒன்றும் இல்லை. அரசாங்கத்துக்கும் இல்லை. வேறு யார்?

படம் எடுத்தவருக்கு.

அவள் விருட்டென்று எழுந்தாள். அறை மூலையில், நேற்று தயாரிப்பாளரின் அலுவலகத்திலிருந்து வந்த போஸ்டர் கட்டு கிடந்தது. அதன் மேல் ஒட்டியிருந்த சீட்டிலிருந்த நம்பரை அழுத்தினாள். முதலில் எடுத்தவர் உதவியாளர். பிறகு இன்னொருவர். மூன்றாவதாக ஒரு பெண் குரல், அவசரமும் அலுப்புமாக.

"தயாரிப்பாளர்தான் பேசுறேன். யாருங்க?"

"உங்க படம் ஓட வேண்டிய தியேட்டர்லேருந்து பேசுறேன். படம் உள்ள இருக்கு. சாவி வரல. ஜனங்க வெளியில நிக்கிறாங்க."

"எந்த மால்?"

"மால் இல்லீங்க. ஒத்தைத் திரை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல."

"அங்கெல்லாம் இன்னைக்கே படமா? யார் வரப்போறா?" கேட்டவள் கிண்டலாகக் கேட்கவில்லை. அவளுக்கு அப்படித்தான் சொல்லப்பட்டிருந்தது.

"ஒரு நிமிஷம் இருங்க. நீங்களே பாருங்க."

போனில் வீடியோவை முடுக்கிவிட்டு, மூத்தவள் விடுவிடுவென்று வெளியே வந்தாள். காவலாளியின் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி நின்றாள். ஒரு கையில் கூட்டத்தைப் பார்த்தபடி போன். வாசல் முழுக்கத் தலைகள். கேட்டுக்கு வெளியேயும் தலைகள்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க," என்றாள். "உங்ககிட்ட மறைக்க ஒண்ணும் இல்ல. படம் வந்துடுச்சு. அதைத் திறக்கிற சாவியைக் கம்பெனி இன்னும் அனுப்பல. எப்ப வரும்னு எனக்குத் தெரியாது. காசு திரும்ப வேணும்ங்கறவங்க கவுன்டருக்குப் போங்க, உடனே தருவாங்க. என் மேல வருத்தம் வேண்டாம்."

கூட்டம் சலசலத்தது. கவுன்டரில் அவளுடைய கணவர் கண்ணை மூடிக்கொண்டார். யாராவது ஒருவர் கவுன்டர் பக்கம் திரும்பினால் போதும், பின்னாலேயே எல்லோரும் திரும்பிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

டயர் கடைக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "இத்தனை வருஷமா ஒவ்வொரு படத்துக்கும் மூணு வாரம் காத்துக்கிட்டு இருந்தோம். இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தா குறைஞ்சா போயிடுவோம்?"

சிரிப்பு ஒன்று எழுந்து வரிசை முழுக்க ஓடியது. இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு பெண், "நாங்க பஸ் செலவு மிச்சம்னு வந்திருக்கோம், அவ்வளவு சீக்கிரம் போக மாட்டோம்" என்றாள். தையல் கடைக்காரர் அப்படியே சுவரோரம் குந்திவிட்டார். அவரைப் பார்த்து இன்னும் பலர் உட்கார்ந்தார்கள். கவுன்டர் பக்கம் ஒருவர்கூடத் திரும்பவில்லை.

போனில் சத்தமே இல்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று மூத்தவள் காதில் வைத்தாள்.

"இருக்கேன்" என்றது தயாரிப்பாளரின் குரல். அவசரமும் அலுப்பும் போயிருந்தன. "இவங்க எல்லாரும் என் படத்துக்கு வந்தவங்களா?"

"ஆமாங்க."

"நகரத்துல பாதி மால்ல காலைக் காட்சிக்கு முன் வரிசையெல்லாம் காலியா கிடக்கு. இங்க ஜனங்க தரையில உக்காந்திருக்காங்க. இவங்களை உள்ள விடாம பூட்டி வெக்க அவங்க யாரு? போனை வைங்க. நான் பார்த்துக்கறேன்."

மூத்தவள் ஸ்டூலிலிருந்து இறங்கவில்லை, அதற்குள் கம்பெனிக்காரரின் போன் அடித்தது. அவர் சுவர்ப்பக்கம் ஒதுங்கிப் பேசினார். பேசினார் என்று சொல்ல முடியாது. கேட்டுக்கொண்டிருந்தார். "சரிங்க சார்" என்றார். மறுபடியும் "சரிங்க சார்" என்றார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினார்.

சற்று நேரத்தில் மாடி ஜன்னல் வழியாக ஆபரேட்டரின் தலை எட்டிப் பார்த்தது.

"பூட்டு திறந்துடுச்சு முதலாளியம்மா. ஆளுங்களை உள்ள அனுப்புங்க."

விளக்கு அணைந்தது. திரை வெளுத்து, முதல் காட்சி விழுந்தது. அகலமான ஒரு ஏரி. ஓரத்தில் நாணல். நாணலின் ஒவ்வொரு இலையும் தனித்தனியாகத் தெரிந்தது. தேய்ந்த பிரின்ட்களையே பார்த்துப் பழகிய ஊர் அது. கோடு கோடாகப் படத்தின் மேல் மழை பெய்யாமல் ஒரு படமும் அங்கே ஓடியதில்லை.

முன் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "என்னப்பா, இன்னைக்கு மழையே காணோம்?"

தியேட்டரே சிரித்தது. சிரிப்பு கைதட்டலாக மாறியது. படம் தொடங்கி ஒரு வசனம்கூட வரவில்லை, அதற்குள் கைதட்டல்.

மூத்தவள் பின் சுவரில் சாய்ந்து நின்றாள். கண் கலங்கியதைத் துடைக்கவும் தோன்றவில்லை. பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். திரும்பாமலே தெரிந்தது.

"நீ உட்காரலியா?"

"எங்க உட்காரச் சொல்றே? சீட் இருக்கா பாரு" என்றாள் இளையவள்.

கொஞ்ச நேரம் இருவரும் படம் பார்த்தார்கள். பிறகு இளையவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் மெல்லச் சொன்னாள்.

"அந்த வரியை எழுதச் சொல்லி யாரும் என்னை மிரட்டலக்கா. நம்பித்தான் எழுதினேன். உன் தியேட்டர் இனிமே நிறையாதுன்னுதான் நினைச்சேன். காசைப் போட்டு நீ கஷ்டப்படுவியேன்னு பயந்தேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"ஃபைல்ல இருக்கறதை வீட்டுல எப்படிச் சொல்றது? சொன்னாலும் நீ கேட்டிருப்பியா?"

"கேட்டிருக்க மாட்டேன்" என்று ஒப்புக்கொண்டாள் மூத்தவள். "இப்போ என்ன நினைக்கிறே?"

"காலையில வந்து வரிசையில நின்னேனே, எனக்கு முன்னாடி நின்னவங்களை எண்ண ஆரம்பிச்சேன். எண்ணி முடிக்க முடியல. அப்பவே நான் எழுதினது தப்புன்னு தெரிஞ்சுடுச்சு. இவ்வளவு சந்தோஷமா நான் எப்பவும் தோத்ததில்ல."

மூத்தவள் தங்கையின் கையைப் பிடித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். இடைவேளை விளக்கு எரியும் வரை விடவில்லை.

இடைவேளையில் இன்ஜினியர் தேடி வந்தார். அவர் கையில் பாப்கார்ன் பொட்டலம். "காட்சி தாமதமாத் தொடங்குச்சுன்னு எழுதணும். ஏன் தாமதம்னும் எழுதணும். அப்படியும் ஒருத்தரும் எழுந்து போகலைன்னும் எழுதணும்" என்றவர், ஒரு வாய் பாப்கார்ன் போட்டுக்கொண்டு சேர்த்துச் சொன்னார். "தலைவர்கிட்ட இப்பத்தான் பேசினேன். நாளைக்கு அவரே வர்றாராம். முன்கூட்டிச் சொல்ல வேண்டாம்னார். நான் சொல்லல."

மதியக் காட்சியும் நிறைந்தது. அடுத்த காட்சிக்கு நாற்காலி போடலாமா என்று ஜனங்களே கேட்டார்கள். முடியாது என்று சொல்லிச் சொல்லி மூத்தவளின் கணவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. அந்தக் கரகரத்த குரலிலேயே மனைவியிடம் வந்து, "நல்லவேளை, என் பேச்சை நீ கேக்கல" என்றார்.

"என்னைக்குக் கேட்டேன்?" என்றாள் அவள்.

கம்பெனிக்காரர் கிளம்பும்போது தயங்கி நின்றார். "எங்க மேப்ல இந்த ஊருக்கு ஒரு புள்ளிகூடக் கிடையாது மேடம். போய்ச் சொல்றேன். கேப்பாங்களான்னு தெரியல." அவர் சொன்னதில் மனசு இருந்தது. மூத்தவள் தலையசைத்து விடை கொடுத்தாள்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் தயாரிப்பாளர் மறுபடி அழைத்தாள்.

"என் அடுத்த படத்துக்குச் சாவியைக் கம்பெனி வழியா அனுப்பப்போறதில்ல. நேரடியா தியேட்டருக்கே தர்றதா இருக்கேன். உங்களை மாதிரி இன்னும் எத்தனை ஒத்தைத் திரை இருக்கு? கூப்பிட்டுப் பேசுங்க. எல்லாருக்கும் ஒரே நாள்ல படம்."

மூத்தவள் நன்றி சொல்லிவிட்டு வைத்தாள். யாரையும் கூப்பிட வேண்டிய தேவையே வரவில்லை. வாசலில் ஏற்கெனவே நான்கு பேர் வந்து நின்றார்கள். சுற்றுப்பட்டு ஊர்களின் தியேட்டர்காரர்கள். செய்தி அவர்களை எட்டியிருந்தது.

அவர்களில் வயதில் மூத்தவர் உள்ளே எட்டி நிறைந்த அரங்கைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"நல்லா பண்ணினேம்மா. ஆனா எங்களால இதைப் பார்க்கத்தான் முடியும். நாங்க நாலு பேரும் கம்பெனி ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுட்டோம். பத்து வருஷம். அதுலேருந்து வெளிய வர வழி இருக்கா?"

மூத்தவளுக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வாயெடுத்தவள், பக்கத்தில் தங்கையின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். இளையவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த மாதிரி ஒப்பந்தங்களைப் படித்துப் படித்தே வரைவு எழுதியவள் அவள். வழி இருக்கிறது என்று அவள் கண்ணிலேயே தெரிந்தது.

"நீ வாயைத் திறக்காதே" என்று மூத்தவள் பதறிப்போய்க் காதோரம் சொன்னாள். "அரசாங்க வேலையில இருந்துக்கிட்டு இதுல தலையிட்டா என்ன ஆகும்னு எனக்கே தெரியும். ஏற்கெனவே எனக்காகப் பிரமோஷனை விட்டுட்டே."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சா கிளம்பு. உள்ள போய்ப் படம் பாரு."

இளையவள் கிளம்பவில்லை. அந்த நான்கு பேரையும் பார்த்தாள். உள்ளே கூட்டம் எதற்கோ விசிலடித்தது. அவள் தோளிலிருந்து கைப்பையைக் கழற்றி அக்காவின் கையில் கொடுத்தாள்.

"அத்தான், வாசல்ல நாலு நாற்காலி எடுத்துப் போடுங்க," என்றாள். பிறகு, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டே, "எனக்கும் ஒண்ணு."